கோத்தகிரிச் சரிவில் ஒரு 40 மீட்டர் டைபோல்

மலையில் குடியிருப்பவனுக்கு ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசிக்கொள்வது) தடையே இருக்காது என்று கோயம்புத்தூர் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். உச்சியில் வீடு இருந்தால் அது சரிதான். எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கீழே மலையின் மடிப்புக்குள் இருக்கிறது. மூன்று பக்கம் தேயிலைச் சரிவு, நாலாவது பக்கம் சோலை. இரண்டு மீட்டர் பட்டையில் (அலையின் நீளம் சுமார் இரண்டு மீட்டர்) வேலை செய்யும் கையடக்கக் கருவியை எடுத்துப் பேசினால் எதிர்ச்சரிவில் முட்டி நின்றுவிடும். நேர்கோட்டில் போகும் அலைக்கு மலை என்பது சுவர்.

40 மீட்டர் பட்டையின் சங்கதி வேறு. நம் நாட்டில் ஹாம்களுக்கு அது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அதிர்வெண்ணில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் டைபோல், அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் கை மாதிரி நீட்டிய வயர் ஆன்டெனா, கட்டினால், சக்தியில் பெரும்பங்கு நேராகத் தலைக்கு மேலே போகும். பகலில் அயனிமண்டலம் அதைத் திருப்பிக் கீழே இறக்கும். அப்படி மேலிருந்து இறங்கும் அலைக்குப் பள்ளமும் மேடும் ஒன்றுதான். மதுரை, பெங்களூர், திருவனந்தபுரம், சென்னை என்று ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் தூரம் வரை சுற்றிலும் ஒரே மாதிரி எட்டும். 2009 நவம்பரில் மண்சரிவு வந்து நீலகிரியின் சாலைகள் அறுந்து கிடந்த நாட்களை நினைத்துப் பார்த்தால், மடிப்புக்குள் இருக்கும் வீட்டிலிருந்து சமவெளியோடு பேச ஒரு வழி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அனுப்புவதற்கு ஹாம் உரிமம் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டைபோல் பற்றி எழுதுகிறவர்கள் கணக்கில்தான் அதிகம் நிற்பார்கள். என் அனுபவத்தில் கணக்கு பத்து நிமிட வேலை. இந்த ஊரில் ஆன்டெனாவைச் சாப்பிடுவது காற்றும் ஈரமும். அதனால் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிட்டு, கட்டின விதத்தை விரிவாகச் சொல்கிறேன்.

143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு 20.14 மீட்டர். ஒரு கைக்கு பத்து மீட்டர் சொச்சம். இது உறையில்லாத செம்புக் கம்பிக்கான கணக்கு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிவிசி உறை போட்ட வயரில் அலை கொஞ்சம் மெதுவாக ஓடும், அதனால் தேவைப்படும் நீளம் இரண்டு மூன்று சதவீதம் குறையும். தரையின் அருகாமை, கைகள் சாயும் கோணம் எல்லாம் இன்னும் கொஞ்சம் இழுக்கும். எதையும் முன்கூட்டிக் கணக்கிட்டு மெனக்கெட வேண்டாம். வேண்டுமென்றே நீளமாக வெட்டிக் கட்டிவிட்டு, மேலே ஏற்றிப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருவதுதான் நல்லது. நான் கைக்கு 10.4 மீட்டர் வெட்டினேன்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், பல இழை. எலக்ட்ரிக்கல் கடையில் 90 மீட்டர் சுருளாகக் கிடைக்கும். ஒரு சுருளில் நாலு டைபோல் கட்டலாம். தடித்த வயர் இருந்தால் நன்றாக வேலை செய்யும் என்று நினைத்து 4 சதுர மில்லிமீட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. அலைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. எடைதான் கூடும், கூடிய எடையை மரக்கிளை சுமக்க வேண்டும்.

நடுவில் வைக்கும் இன்சுலேட்டரை அடுப்படியிலிருந்து எடுத்தேன். காய் நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை, பழசானது. வீட்டில் கேட்டுத்தான் எடுத்தேன். ஓர் உள்ளங்கை அளவுக்கு அறுத்து, மேலே தொங்கவிட ஒரு துளை, இரு பக்கமும் வயரை நுழைத்து மடக்க மும்மூன்று துளை, நடுவில் கேபிளை மாட்டும் எஸ்ஓ 239 சாக்கெட்டுக்கு ஒரு பெரிய துளை. வயரை மும்மூன்று துளைகளில் மேலும் கீழுமாக நுழைத்தால் இழுவிசை முழுவதையும் பலகை வாங்கிக்கொள்ளும். சால்டர் செய்த இடத்தில் இழுவையே இருக்கக் கூடாது. காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும் வயர், சால்டர் முடிகிற இடத்தில்தான் ஒடியும். அதனால் சாக்கெட்டுக்குப் போகும் முனையில் சின்னதாகத் தளர்வாக ஒரு வளைவு விட்டிருக்கிறேன். சால்டரிங் வேலை எல்லாம் வீட்டுக்குள் மேஜை மேல். மரத்தடியில் காற்றில் நின்று அயர்னைப் பிடித்தால் சூடே ஏறாது.

முனைகளுக்குப் பீங்கான் இன்சுலேட்டர். மின்கம்பத்தின் ஸ்டே கம்பியில் முட்டை வடிவத்தில் தொங்குமே, அதன் சின்ன வகை. டைபோலின் நுனியில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அங்கே ஈரமான கயிறு நேராகத் தொட்டுக்கொண்டிருப்பது நல்லதில்லை.

இனி கேபிள். கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸில் மெல்லிய ஆர்ஜி 58ஆ, தடித்த ஆர்ஜி 213ஆ என்பதில் நிறைய யோசித்தேன். ஆர்ஜி 213இல் இழப்பு பாதிதான். ஆனால் மீட்டருக்கு 150 கிராம் எடை. பதினொரு மீட்டர் செங்குத்தாகத் தொங்கினால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நடுப்புள்ளியை இழுக்கும். ஆர்ஜி 58 அதில் நாலில் ஒரு பங்கு. எனக்குத் தேவை சுருளோடு சேர்த்து 31 மீட்டர். அந்த நீளத்தில், 7 மெகாஹெர்ட்ஸில், ஆர்ஜி 58 ஒரு டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேலே விழுங்கும். அனுப்பும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. என்னுடைய கருவி அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40, சுமார் 7 வாட். அதில் ஒன்றரை வாட் கேபிளுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் காதில் தெரியாது. கேட்பதிலும் நஷ்டமில்லை, ஏனென்றால் 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலே கருவியின் இரைச்சலைவிட அதிகம்.

டிவி கேபிளான ஆர்ஜி 6 போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போடலாம். அதன் மின்மறுப்பான (இம்பீடன்ஸ்) 75 ஓம் என்பது டைபோலுக்கு ஒத்துவராத எண் இல்லை, உயரத்தில் நேராகக் கட்டிய டைபோலின் மின்மறுப்பே 73 ஓம் பக்கம்தான். ஒரே தொல்லை, அதன் வெளிப்பின்னல் அலுமினியம், சால்டர் ஒட்டாது. திருகியோ அழுத்தியோதான் இணைக்க வேண்டும். நம் ஊர் மழையில் அலுமினியமும் செம்பும் சேர்ந்த திருகு இணைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நடுப்புள்ளிக்குக் கீழேயே சோக். நாலு அங்குல பிவிசி பைப் துண்டின் மேல் அதே கேபிளில் ஆறு மீட்டரை அருகருகே ஒரே அடுக்காகச் சுற்றினால் பதினேழு சுற்று வரும். கேபிளின் வெளிப்பின்னல் தானும் ஆன்டெனாவாக நடந்துகொள்ள முயலும், அதை இந்தச் சுருள் தடுக்கும். இதே வேலைக்குக் கடையில் ஃபெரைட் பேலன் விற்கிறார்கள், அழகாக இருக்கும். இந்தச் சக்திக்கு அது ஆடம்பரம் என்பது என் கட்சி. மிச்சப்படும் காசுக்கு நல்ல கயிறு வாங்குங்கள்.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. நீல நிற பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நார்நாராகிவிடும். நைலான் நனைந்தால் நீளும், காய்ந்தால் இழுக்கும். பாலியெஸ்டர் கயிறு கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் வெயிலையும் மழையையும் தாங்கி அளவு மாறாமல் நிற்கிறது.

கட்டும் இடத்துக்கு வருவோம். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் மூன்று, ஏறக்குறைய ஒரே வரிசையில் கிடைத்தன. பக்கத்தில் ஓங்கி நிற்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆசை காட்டியது. ஆனால் அது காற்றுக்கு மிக அதிகமாக ஆடும், கிளையும் சொல்லாமல் விழும். தேயிலை வரிசைகள் மலையின் சமமட்டக் கோட்டை ஒட்டித்தான் நடப்பட்டிருக்கும். டைபோலையும் அந்த வரிசையின் திசையிலேயே ஓட்டினால் இரண்டு முனையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் அமையும். மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒரு கை தரையோடு உரசும், மறுகை ஆகாயத்தில் நிற்கும். இந்த உயரத்தில் டைபோல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது கிட்டத்தட்ட முக்கியமே இல்லை, எப்படியும் மேலேதான் பார்க்கிறது.

சரிவையே வசதியாக்கிக்கொண்ட பெரிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்கு, ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் வடக்கு தெற்காக ஏறக்குறைய 11 டிகிரி சரிந்த மலையைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 டிகிரி. அதனால் 530 மீட்டர் நீளமுள்ள கருவியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் திருப்பிக்கொண்டு மணிக்கணக்கில் ஒரு வானப்பொருளைத் தொடரலாம். 1970இலிருந்து இயங்கும் அந்தத் தொலைநோக்கியின் குவியக் கோட்டில் வரிசையாக இருப்பவை 1056 டைபோல்கள். 326.5 மெகாஹெர்ட்ஸில் அரை அலை என்பது 46 சென்டிமீட்டர்தான். அங்கே ஆயிரத்துச் சொச்சம் குட்டி டைபோல், இங்கே இருபது மீட்டரில் ஒன்றே ஒன்று. அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மரத்தில் ஆணி அடிக்கவோ கிளை வெட்டவோ இல்லை. தோட்டக்காரரிடம் கேட்டபோது அவர் போட்ட நிபந்தனையும் அதுதான். கிளையின் மேல் கயிறு போக வேண்டும், அவ்வளவுதான். உண்டிவில், தூண்டில் நரம்பு, அதன் நுனியில் ஈயக் குண்டு. பக்கத்து லைன் வீட்டுப் பையன் இதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

"எந்தக் கிளைண்ணா?"

"நடு மரத்துல மேல ரெண்டாவது கவட்டை. அதுக்குள்ள போகணும்."

"டிவிக்கா?"

"டிவிக்கு இல்லடா, பேசறதுக்கு."

"போன்ல பேச மாட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே விட்டான். குண்டு கவட்டைக்குள் புகுந்து அந்தப் பக்கம் இறங்கியது. நரம்பில் சணலைக் கட்டி இழுத்து, சணலில் கயிறைக் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. குண்டு போகும் திசையில் ஆள் நிற்கக் கூடாது, ஈபி லைன் அறவே இருக்கக் கூடாது. கயிறோ வயரோ அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் எல்லாம் அமைய வேண்டும். இதில் மட்டும் சமரசமே கிடையாது.

நடு மரத்தில் கயிறை நேராக ஆன்டெனாவில் கட்டிவிடாமல், சின்னக் கப்பி ஒன்றை ஏற்றினேன். அந்தக் கப்பி வழியாக ஓடும் இன்னொரு கயிறுதான் ஆன்டெனாவைத் தூக்குகிறது. கொடி ஏற்றுவது மாதிரி ஏற்றலாம், இறக்கலாம். ஆன்டெனா என்றால் இறக்கிப் பார்க்கும் தேவை வந்துகொண்டேதான் இருக்கும், ஒவ்வொரு முறையும் உண்டிவில்லைத் தேட முடியாது. இரு முனைகளில் ஒன்றைத் தன் மரத்தில் கட்டினேன். இன்னொன்றின் கயிறு ஒரு கப்பி வழியாக இறங்கி, மணல் போட்ட ஐந்து லிட்டர் கேனைச் சுமக்கிறது. காற்றில் மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், வயரில் இழுவை அதிகரிக்காது. கேன் ஆளின் தலைக்கு மேல் தொங்காதபடி, தடத்தை விட்டு விலகி, இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது.

நடுப்புள்ளி பதினொரு மீட்டரில், முனைகள் ஐந்து மீட்டரில். தலைகீழ் வி வடிவம். கைகளுக்கு இடையே கோணம் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, தொண்ணூறுக்குக் கீழே போனால் திறன் குறையத் தொடங்கும். இப்படிச் சாய்ப்பதால் மின்மறுப்பும் 73இலிருந்து 50 ஓம் பக்கம் இறங்கி வருகிறது. முனைகளை ஐந்து மீட்டருக்குக் கீழே விட நான் ஒப்பவில்லை. அனுப்பும்போது நுனியைத் தொட்டால் கை சுடும். அதோடு இது காட்டெருமை நடக்கிற தேயிலை. சாயங்காலம் கூட்டமாக இறங்கி வரும். தாழ்வாகத் தொங்கும் கயிறு கொம்பில் மாட்டினால் ஆன்டெனாவோடு சேர்த்துச் சில்வர் ஓக்கின் கிளையும் போய்விடும்.

ஏற்றியாயிற்று. ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏவை அளவீடு சரிசெய்து கேபிளின் கீழ்முனையில் மாட்டினால், ஆன்டெனா எந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் பள்ளம் திரையில் 6.70 மெகாஹெர்ட்ஸில் தெரிந்தது. எதிர்பார்த்தபடியே நீளம் அதிகம். இப்போதைய நீளத்தை இப்போதைய அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுத்தால் புது நீளம்: 10.4 பெருக்கல் 6.70 வகுத்தல் 7.1, ஏறக்குறைய 9.8 மீட்டர். கைக்கு அறுபது சென்டிமீட்டர் குறைய வேண்டும். கத்தரிக்கோலை எடுக்காமல், நுனியை இன்சுலேட்டர் வழியாகப் பின்னால் மடித்து வயரோடு ஒட்டிச் சுற்றினேன். மடித்த பகுதி ஏறக்குறைய வெட்டியது மாதிரியேதான் நடந்துகொள்ளும், மனம் மாறினால் நீட்டிக்கொள்ளலாம். முதலில் நாற்பது சென்டிமீட்டர் மடித்துப் பார்த்தேன், பள்ளம் 6.97க்கு வந்தது. மிச்சத்தையும் மடித்ததும் 7.1க்கு ஒட்டி உட்கார்ந்தது. அங்கே எஸ்டபிள்யூஆர் (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2. பட்டையின் இரண்டு ஓரத்திலும் 1.6க்குள். நீண்ட கேபிளின் இழப்பு இந்த எண்களை உண்மையைவிடக் கொஞ்சம் அழகாகக் காட்டும், அதனால் 1.2ஐப் பார்த்து ரொம்பப் பூரிக்க வேண்டாம். பள்ளம் எங்கே இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி.

இனி ஈரம். கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து வரும். அது பரவாயில்லை, மழை மேலிருந்து விழுகிறது, தடுத்துவிடலாம். மஞ்சு, அதாவது மூடுபனி, அப்படி இல்லை. எந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்து, ராத்திரி குளிரில் உள்பக்கமே நீராகிச் சொட்டும். காற்றுப் புகாமல் மூடிவிட்டேன் என்று சொல்லும் பெட்டியைத் திறந்து பார்த்தால் அடியில் தண்ணீர் நிற்கும். அதனால் நடுப்புள்ளியை மூடும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டிருக்கிறேன். உள்ளே வருவது வந்தபடியே வெளியேறட்டும்.

பிஎல் 259 பிளக் சாக்கெட்டில் சேரும் இடம்தான் உயிர்நிலை. கோஆக்ஸின் பின்னலுக்குள் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மீட்டர் கணக்கில் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக ஓடு வேய்கிற வரிசையில் சுற்ற வேண்டும். அதன் மேல் சாதாரண கறுப்பு டேப், வெயிலுக்காக. சிலிகான் போடுகிறவர்கள் டியூபைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது செம்பை அரிக்கும் வகை, வாடை இல்லாத நியூட்ரல் வகையை வாங்குங்கள். வயரின் வெட்டுமுனைகளையும் மூடுங்கள், பிவிசி உறைக்குள்ளும் தண்ணீர் ஏறும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் ஓடிவரும் நீர் அங்கே சொட்டிவிடும்.

மழையில் நனைந்தபோது பள்ளம் சில பத்து கிலோஹெர்ட்ஸ் கீழே நகர்ந்தது, காய்ந்ததும் திரும்பிவிட்டது. இது வழக்கம். காய்ந்த பிறகும் திரும்பாமல் எஸ்டபிள்யூஆர் தள்ளாடினால்தான் இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேட்டுப் பார்த்ததும் இரைச்சல் மட்டம் நன்றாகக் குறைவு, நகரத்து எல்இடி விளக்குகளின் கரகரப்பு இங்கே இல்லை. ஆனால் நொடிக்கு ஒரு தரம் 'டக்' என்று ஒரு சத்தம். இரவு பகல் விடாமல் அடித்தது. காட்டுப்பன்றிக்காக மேல்தோட்டத்தில் போட்டிருந்த சோலார் வேலி அது. வேலியின் துடிப்பு சும்மா ஓடினால் இவ்வளவு கேட்காது, எங்கேயோ பொறி தட்டுகிறது என்று அர்த்தம். தோட்டத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, உங்க வேலி என் ரேடியோவுல கேக்குதுங்க."

"வேலி பேசுதா? என்னங்க சொல்றீங்க?"

சின்ன ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் வேலியோரம் நடந்தோம். சத்தம் உச்சத்துக்குப் போன இடத்தில் லான்டானா செடி கம்பியில் சாய்ந்து கிடந்தது. வெட்டினார், டக்கு சத்தம் பாதிக்கு மேல் போயிற்று. வேலியில் கரண்ட் கசிவதும் நின்றதால் அவருக்கும் லாபம். இப்போது செடி வளர்ந்தால் என்னிடம்தான் கேட்கிறார், எங்கே சாய்ந்திருக்கிறது என்று.

காலையில் எல்எஸ்பி என்ற குரல் முறையில் கூப்பிட்டால் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு எல்லாம் பதில் வருகிறது. உச்சிவேளையில் அயனிமண்டலத்தின் அடியடுக்கு உறிஞ்சிக்கொள்வதால் மந்தம். ராத்திரி நேரமாக ஆகப் பக்கத்து நிலையங்கள் மறைந்து தூரத்து ஆட்கள் வருகிறார்கள், அப்போது 7 வாட்டை வைத்துக்கொண்டு கேட்பதோடு சரி. சித்திரை இடியிலும் ஐப்பசி இடியிலும் மேகம் கறுக்கும் முன்பே பிளக்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே, தரைக்கம்பியில் மாட்டிவிடுகிறேன். பக்கத்து மலையில் விழும் மின்னல்கூட இருபது மீட்டர் வயரில் கருவியைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தத்தை ஏற்றிவிடும்.

இதே நடுப்புள்ளியில் 20 மீட்டர் பட்டைக்கும் ஒரு ஜோடி கை சேர்க்க இடம் விட்டிருக்கிறேன். 14.15க்குக் கணக்குப்படி கைக்கு 5.05 மீட்டர், உறை வயர் என்பதால் 4.9 பக்கம் நிற்கும், ஆனாலும் 5.2 ஆகத்தான் வெட்டப்போகிறேன். இரண்டு ஜோடியும் ஒன்றோடொன்று உரசாமல் கீழே ஒன்று மேலே ஒன்று நிற்க, பிவிசி பைப் துண்டுகளைக் குறுக்கே கொடுக்க வேண்டும். மார்கழியில் மழை விட்டதும் நடுப்புள்ளியை இறக்கி, ரப்பர் டேப்பை அறுத்து உள்ளே ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த வேலையைத் தொடங்குவேன்.